கப்பல்துறைவரை காத்திருந்த செய்தி

தந்தி என்று ஒன்று இருந்த காலத்தில் 'சீரியஸ்' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் தனி அர்த்தம் இருந்தது. 'அப்பா சீரியஸ், உடனே புறப்படவும்' என்று தந்தி வந்தால் அப்பா போய்விட்டார் என்று பொருள். அனுப்பியவருக்கு அது தெரியும். வாங்கியவருக்கும் தெரியும். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுக் கையெழுத்து வாங்கிய தந்திச் சேவகருக்கும் தெரியும். ஆனாலும் டில்லியிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வருபவனுக்கு, ஊர் எல்லையில் பறைச் சத்தம் காதில் விழும்வரை ஒரு நூலிழை நம்பிக்கையை அந்த ஒற்றைச் சொல் விட்டுவைத்திருந்தது. 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். அந்தப் பொய்யை மூட முடியவில்லை. அது வேறு கருவிகளுக்கு இடம் மாறிக்கொண்டது.

உள்நாட்டில் இருப்பவனுக்காவது 'சீரியஸ்' என்று தந்தி வந்தது. கடல் கடந்து போனவனுக்கு அதுவும் கிடையாது. அவன் உடனே புறப்பட முடியாது. பாஸ்போர்ட் முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கும், ஒப்பந்தம் முடிய 14 மாதம் இருக்கும், டிக்கெட்டுக்குக் கடன் வாங்க வேண்டும். வந்தாலும் காரியம் முடிந்திருக்கும். 'சொல்லி என்ன ஆகப்போகிறது? தனியாக உட்கார்ந்து அழுவான். வரும்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதன் பிறகு போகும் ஒவ்வொரு கடிதத்திலும் 'அனைவரும் நலம்' என்று இருக்கும். இறந்தவர் பெயரிலும் ஆசீர்வாதம் போகும்.

இப்படி மறைக்கப்பட்ட செய்திகளில் மிகவும் பிரசித்தமானது 1891ல் நடந்தது. இத்தனைக்கும் அந்த வீட்டுக்காரர்கள் பொய் சொல்லிப் பழகியவர்கள் அல்ல.

மோகன்தாஸ் காந்தி லண்டனில் மூன்றாண்டு சட்டம் படித்து, 1891 ஜூன் 10ம் தேதி பாரிஸ்டர் ஆனார். 11ம் தேதி உயர்நீதிமன்றத்தில் பெயரைப் பதிந்துகொண்டார். 12ம் தேதி கப்பல் ஏறிவிட்டார். ஒரு நாளைக்கூட வீணாக்காத அந்த அவசரம் கவனிக்கத்தக்கது. பட்டம் வாங்கியவர்கள் லண்டனை இன்னும் ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இவருக்கு ஊரில் ஒருவரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. புறப்படும்போது தாய் புத்லிபாய்க்கு மூன்று சத்தியங்கள் செய்து கொடுத்திருந்தார். மதுவைத் தொடுவதில்லை, மாமிசம் தொடுவதில்லை, பிற பெண்ணை நாடுவதில்லை. ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் செய்த சத்தியம். மரக்கறி உணவு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் பட்டினி கிடந்ததும் நண்பர்களின் கேலியைப் பொறுத்துக்கொண்டதும் இதற்காகத்தான். 21 வயது மகனுக்குத் தாயிடம் சொல்ல இதைவிடப் பெரிய சங்கதி என்ன இருக்க முடியும்?

ஜூலை 5ம் தேதி பம்பாய். பருவமழை, கொந்தளிக்கும் கடல். துறைமுகத்தில் அண்ணன் லட்சுமிதாஸ் காத்திருந்தார். இருவரும் காந்தியின் லண்டன் நண்பரான டாக்டர் மேத்தாவின் குடும்பத்தாரின் வீட்டுக்குப் போனார்கள். அம்மா இறந்துவிட்டாள் என்பதை அப்போதுதான் சொல்லித் தலைமுழுகச் செய்தார்கள். காந்தி லண்டனில் இருந்தபோதே நடந்துவிட்ட மரணம் அது. அந்நிய மண்ணில் தம்பிக்கு அந்த அடி விழ வேண்டாம் என்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார்.

தந்தையின் சாவைவிட இது தன்னை அதிகம் பாதித்தது என்று காந்தி பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். தந்தை இறந்த 1885ல் அவர் வீட்டிலேயேதான் இருந்தார். இரவு கால் பிடித்துவிட்டுத் தன் அறைக்குப் போன சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. அந்தச் சில நிமிடங்களை அவர் வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவில்லை. தாயின் விஷயத்தில் இடைவெளி ஆயிரக்கணக்கான மைல். அதற்கு அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. கண்ணீரை அடக்கிக்கொண்டதாகவும், ஒன்றும் நடக்காததுபோல் அன்றாட வாழ்க்கையைத் தொடங்கிவிட்டதாகவும் எழுதுகிறார். எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது. வேறென்ன செய்திருக்க முடியும்? வீட்டில் மற்ற எல்லோரும் அழுது முடித்து, காரியங்கள் முடித்து, புது வாழ்க்கைக்குப் பழகிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களும் வந்து போய்விட்டார்கள். ஊருக்குப் பழையதாகிவிட்ட சாவுக்கு ஒருவன் மட்டும் தனியாகப் புதிதாக அழுவது அவ்வளவு சுலபமில்லை. செய்தியை மறைப்பவர்கள் துக்கத்தை மறைப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாட்களை அவனிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் ஒரு கடிதம் லண்டன் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று வாரம். பரீட்சை எழுத வேண்டிய பையன். செலவழித்த பணமோ குடும்பத்தின் சக்திக்கு மீறியது. லட்சுமிதாஸின் இடத்தில் இருந்திருந்தால் நம்மில் பலரும் அதையே செய்திருப்போம். செய்துகொண்டும் இருக்கிறோம்.

தாய் இல்லாத வீடு ஒருபுறம் இருக்க, ஊரும் ஒரு கணக்கு வைத்திருந்தது. 1888ல் கடல் தாண்டக் கூடாது என்று பம்பாயில் மோத் பனியா சாதிக் கூட்டம் போட்டு, கேட்காத பையனைச் சாதிநீக்கம் செய்திருந்தார்கள். அவனுக்கு உதவுகிறவர்களுக்கும் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். மூன்றாண்டு கழித்துத் திரும்பியபோது சாதி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சியைச் சமாதானம் செய்ய லட்சுமிதாஸ் தம்பியை நாசிக்குக்கு அழைத்துப்போய்ப் புண்ணிய நதியில் குளிக்கவைத்தார். ராஜ்கோட்டில் சாதி விருந்து போட்டார். தம்பிக்கு இதில் நம்பிக்கை இல்லை. அண்ணனுக்காகச் செய்தார். இன்னொரு கட்சி கடைசிவரை மசியவில்லை. அந்தக் கட்டுப்பாட்டின்படி காந்தியின் சகோதரியும் மைத்துனரும், மாமனாரும் மாமியாரும்கூட அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ரகசியமாகக் கொடுக்க அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். வெளிப்படையாகச் செய்ய முடியாததை மறைவில் செய்ய வேண்டாம் என்று இவர் அவர்கள் வீடுகளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து திரும்பியவன் சொந்தச் சகோதரி வீட்டு வாசலில் தாகத்தோடு நின்ற காட்சியை எந்தச் சிற்பியும் செதுக்கியதாகத் தெரியவில்லை.

காந்தி குடும்பத்துக்காவது விருந்து போட வசதி இருந்தது. ஃபிஜி, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் என்று கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள் இதே சாதிக் கூட்டங்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் பிராயச்சித்த விருந்துக்கே பறிகொடுத்தார்கள். பல கிராமங்கள் அப்படியும் சேர்த்துக்கொள்ளவில்லை. இறந்துவிட்டான் என்று முடிவுகட்டி நிலத்தைப் பிரித்துக்கொண்ட பங்காளிகளுக்கு, அவன் உயிரோடு வந்து நிற்பது அப்படி ஒன்றும் நல்ல செய்தி இல்லை. 1920களில் கல்கத்தாவின் மட்டியாபுருஸ் பகுதியில் இப்படி வீடு திரும்பி வீடு கிடைக்காதவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடிசைகளில் கிடந்தார்கள். வந்த தீவுக்கே திரும்ப அனுப்பச் சொல்லிக் கப்பல் அதிகாரிகளைக் கெஞ்சினார்கள். 1927 கேப்டவுன் ஒப்பந்தத்தின்படி தென்னாப்பிரிக்க அரசு தலைக்கு 20 பவுண்டு கொடுத்து அனுப்பிவைத்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். பலருடைய பிள்ளைகள் பிறந்ததே நேட்டாலில். அவர்கள் இங்கே படும் பாட்டை பவானி தயாள் சன்யாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931ல் ஒரு அறிக்கையாகவே எழுதி வெளியிட்டார்கள்.

நல்லபடி திரும்பியவர்களும் உண்டு. ஃபிரோசாபாத் பக்கத்துக் கிராமத்து தோதாராம் சனாத்யா 1893ல் வேலை தேடி அலகாபாத் வந்த இடத்தில் ஆள்பிடிக்கும் தரகனிடம் சிக்கி ஃபிஜி போனார். 21 ஆண்டு கழித்து 1914ல் ஊர் திரும்பினார். இந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. சதுர்வேதியை உட்காரவைத்துத் தன் 21 ஆண்டுக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிப் புத்தகமாக்கினார். ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சியில் அந்த இந்திப் புத்தகம் பெரும் பங்கு வகித்தது. பிற்காலத்தில் அவரும் மனைவியும் சபர்மதி ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்து தோட்ட வேலை பார்த்தார்கள். திரும்பிவந்த மனிதர்களில் வாயைத் திறந்து பேசியவர் என்று அவருக்கு ஒரு தனி இடம் கொடுக்கலாம்.

ராஜ்கோட் வீட்டுக்கு வருவோம். பாரிஸ்டர் தம்பி வருகிறான் என்று வீடு தயாராகியிருந்தது. விசேஷ நாட்களுக்கென்று வைத்திருந்த பீங்கான் பாத்திரங்கள் தினசரி உபயோகத்துக்கு வந்தன. டீ, காபி ஏற்கனவே நுழைந்திருந்தன. தம்பி தன் பங்குக்குக் கோகோவும் ஓட்ஸ் கஞ்சியும் கொண்டுவந்தார். டீக்கும் காபிக்கும் பதிலாக வந்த கோகோ கூடுதலாக ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பூட்ஸோடு ஐரோப்பிய உடையும் சேர்ந்தது. செலவு ஏறியது, வரவு இல்லை. வாசலில் வெள்ளை யானையைக் கட்டிய கதை என்று பின்னாளில் அவரே கேலி செய்துகொண்டார். பம்பாயில் தொழில் நடத்தப் போய், சிறு வழக்கு நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாய் வராமல் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ராஜ்கோட்டுக்கே வந்து மனு எழுதிப் பிழைத்தார். மனைவியோடும் சரியாக இல்லை. சந்தேகப்பட்டு ஒரு முறை பிறந்த வீட்டுக்கே அனுப்பிவைத்தார். இதுவும் அவர் எழுதி வைத்ததுதான். மூன்று வயது மகனுக்கு அப்பா புது மனிதர். 1893 ஏப்ரலில் 105 பவுண்டுச் சம்பளத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் வேலை என்றதும் பேரம்கூடப் பேசாமல் கப்பலேறிவிட்டார். வீடு திரும்பி இரண்டு ஆண்டுகூட முடிந்திருக்கவில்லை.

இதில் காந்தி என்ற பெயரை எடுத்துவிட்டு மலப்புரத்திலோ, கீழக்கரையிலோ, ராஜஸ்தானத்து ஷேகாவதியிலோ, பஞ்சாபின் ஜலந்தரிலோ உள்ள ஒரு வளைகுடா அல்லது கனடாக்காரரின் பெயரைப் போட்டால் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்காது.

மறைப்பது வீட்டார் மட்டுமல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போனவன் அவர்களுக்குச் சளைத்தவனல்ல. ஒரு அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுப்பதை 'ஃபிளாட்' என்று எழுதுகிறான். 'கம்பெனியில் சூப்பர்வைசர்' என்பவன் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் கம்பி கட்டுகிறான். சம்பளம் நான்கு மாதமாக வரவில்லை என்பதைச் சொல்வதில்லை. கடன் வாங்கி அனுப்பிவிடுகிறான். 2022ல் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய தொகை 11,100 கோடி டாலர். ஒரு நாட்டுக்கு ஒரே ஆண்டில் 10,000 கோடி டாலருக்கு மேல் வந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அந்தத் தொகைக்குள் எத்தனை பொய் சேர்ந்திருக்கிறது என்பதை உலக வங்கியால் கணக்கிட முடியாது.

இந்தப் பொய்யின் நிழல் பெட்டியில் தெரியும். எண்பதுகளில் விமான நிலைய வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். நைலான் கயிற்றால் வரிந்து கட்டிய அட்டைப் பெட்டி, அதன்மேல் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும். உள்ளே நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், டாங் பவுடர், நிடோ பால் டின், கோடாலித் தைலம், அத்தர், மச்சானுக்கு லைட்டர், மாமாவுக்குச் சட்டைத் துணி. ஒருவருக்கு விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள் என்பதால் பட்டியல் போட்டு வாங்கியது. மூன்று வருஷச் சேமிப்பின் கணிசமான பகுதி 'அங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று நிரூபிக்கச் செலவாகிவிடும்.

1901ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது காந்திக்கும் அங்குள்ளவர்கள் தங்கமும் வைரமும் பரிசாகக் குவித்தார்கள். கஸ்தூர்பாவுக்கு 50 கினி மதிப்புள்ள தங்கச் சங்கிலி. எல்லாவற்றையும் பொது அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று காந்தி முடிவுகட்டி, முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். கஸ்தூர்பா விடவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு என்ன போடுவது, எனக்குக் கொடுத்ததைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று அழுதும் வாதாடியும் பார்த்தார். நகைகள் போய்விட்டன. தத்துவம் காந்தி பக்கம் இருக்கலாம். நம் நாட்டுப் பெண்களிடம் ஓட்டெடுத்தால் கஸ்தூர்பாதான் ஜெயிப்பார். என் ஓட்டும் அவருக்கே.

இரண்டு பக்கமும் இப்படி மாறி மாறி மறைத்துக்கொண்டிருந்தபோது உண்மையைப் போட்டு உடைத்தது ஒரு பாட்டு. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. ஜமீல் மாப்பிளாப் பாட்டு மெட்டில் 'துபாய்க் கத்துப் பாட்டு' என்று ஒன்றை எழுதினார். கத்து என்றால் மலையாளத்தில் கடிதம். துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம். பணம் வருகிறது, வீடு இருக்கிறது, நீங்கள் இல்லாமல் என் இளமை போய்க்கொண்டிருக்கிறது என்பதை நாசூக்காக அல்ல, நேராகவே சொல்லிவிட்டாள். பிறகு கணவனின் பதிலாகவும் ஒரு பாட்டை அவரே எழுதினார். கேசட் கேரளத்தின் வீடுகளிலும் வளைகுடாவின் தொழிலாளர் முகாம்களிலும் ஓடித் தேய்ந்தது. 'இவ்விடம் அனைவரும் நலம்' என்பதைத் தவிர வேறு ஒன்றும் எழுதத் துணியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்காக அந்த ஒரு பெண் எழுதினாள். அவளும் கற்பனை, எழுதியது ஒரு ஆண் என்பது வேறு விஷயம்.

சரி, ஒருவன் வந்துவிட்டான். பெட்டியும் பிரித்தாயிற்று. மூன்றாம் நாள் முதல் ஒரு கேள்வி எழும். கறிக்கடையில், பள்ளிவாசல் திண்ணையில், டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கும் அதே கேள்வி.

"லீவு எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்."

"அப்போ எப்போ திரும்பிப் போறே?"

கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மரியாதைக்கு விசாரிக்கிறார்கள். ஆனால் வந்தவனுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி விழுகிறது. சொந்த ஊரிலேயே தான் விருந்தாளி என்பது புரிகிறது. அதே மனிதன் "இல்லண்ணே, இனிமே போகல" என்று சொல்லிப் பார்க்கட்டும். எதிரே இருப்பவர் ஒரு கணம் பேச்சற்றுப்போய் "நல்லதுதான்" என்பார். அந்த 'நல்லதுதான்' எப்படி ஒலிக்கும் என்று திரும்பிவந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். 1989ல் வெளிவந்த 'வரவேல்பு' என்ற மலையாளப் படத்தில் ஸ்ரீனிவாசன் இதைத்தான் எழுதினார். வளைகுடாவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிய முரளிக்கு, மோகன்லால் நடித்த பாத்திரம் அது, முதலில் தடபுடலான உபசாரம். கையிலிருந்த பணத்தை பஸ் வாங்கிப் போட்டு அது படுத்துவிட்டதும் உறவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. சத்யன் அந்திக்காட் இயக்கிய அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. வளைகுடாவிலிருந்து லீவில் வந்து பார்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரித்திருப்பார்கள்.

கேரளத்தில் 1998 முதல் வெளிநாடு சென்றவர்களையும் திரும்பியவர்களையும் வீடுவீடாகக் கணக்கெடுக்கிறார்கள். திரும்பிவந்தவர்கள் எண்ணிக்கை 2018ல் ஏறத்தாழ 12 லட்சத்துக்கு மேல். 2023ல் 18 லட்சம். இடையில் கோவிட் வந்துபோனது. வேறு எந்த மாநிலமும் இப்படித் தொடர்ந்து எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் உத்தரப் பிரதேசமும் பீகாரும் தமிழ்நாடும் என்ன சொல்லும் என்பது தெரியவரும். போகிறவர்களின் பணம் முக்கியம் என்று தெரிந்துவைத்திருக்கும் மாநிலங்கள், திரும்புகிறவர்களின் தலையைத் தொடர்ந்து எண்ண ஆள் வைக்கவில்லை.

மறைக்க வாய்ப்பே கிடைக்காத சந்தர்ப்பங்களும் வந்திருக்கின்றன. 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்தில் நுழைந்தபோது, வங்கியில் போட்டதெல்லாம் அங்கேயே முடங்க, உடுத்திய துணியோடு பாலைவனம் கடந்து ஜோர்டான் வந்து சேர்ந்த இந்தியர்களை ஏர் இந்தியா இரண்டு மாதம் இடைவிடாமல் பம்பாய்க்கு ஏற்றி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வெறுங்கையோடு வந்த அவர்களில் பலரைப் பற்றி அன்று வீடுகளில் ஒரு வார்த்தை அதிகம் கேட்டது: 'உயிரோடு வந்தானே, அது போதும்.' பெட்டி இல்லாமல் வந்தவனைக் கட்டிப்பிடிக்கக் கை இரண்டும் காலியாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அந்தப் போதும் எத்தனை மாதம் நீடித்தது என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டிருக்கும். 2020 மே 7ம் தேதி அபுதாபியிலிருந்து கொச்சிக்கு முதல் மீட்பு விமானம் வந்தபோது அதுகூட இல்லை. வந்தவர்கள் நேரே தனிமைப்படுத்தும் மையங்களுக்குப் போனார்கள். பல வருஷம் கழித்துப் பார்க்கும் முகத்தைக் கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள் குடும்பத்தார்.

இப்போதுதான் எல்லோர் கையிலும் வீடியோ இருக்கிறதே, எதை மறைக்க முடியும் என்று கேட்கலாம். மறைக்கலாம். போனில் கேமராவைத் திருப்புகிற பக்கம்தான் தெரியும். 'அம்மா தூங்குறா' என்று ஒரு வாரம் சொல்லலாம். ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம் தெரியாமல் போர்வையைத் தொங்கவிட்டுப் பேசலாம். அங்கே இருப்பவனும் கட்டுப் போட்ட கையைச் சட்டத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு சிரிக்கலாம். சொல்லப்போனால் கடிதத்தைவிட வீடியோ மோசம். கடிதத்தில் இருந்ததை நம்பத்தான் முடிந்தது. இதில் கண்ணால் பார்த்ததாகவே நினைத்துக்கொள்கிறோம்.

என் கட்சி, சொல்லிவிட வேண்டும் என்பது. இரவு எந்த நேரமானாலும் சரி, சொல்லும்போது பக்கத்தில் ஒரு நண்பனாவது இருக்கும்படி முதலில் அவனுக்குப் போன் செய்து ஏற்பாடு செய்துவிட்டு, சொல்லிவிட வேண்டும். அவன் வர முடியாமல் போகலாம். அங்கேயே தலைமுழுகட்டும், அறையில் உள்ள ஏழு பேரும் அன்று அவனோடு சாப்பிடாமல் இருக்கட்டும். 13ம் நாளோ 40ம் நாளோ அவனும் அங்கிருந்தபடி ஏதாவது செய்யட்டும். முகாம்களில் இருக்கும் மனிதர்கள் இந்த விஷயத்தில் உறவினர்களைவிடக் கெட்டிக்காரர்கள். தம் செலவைக் குறைத்துக்கொண்டு டிக்கெட் பணம் திரட்டித் தந்து அனுப்பிவைத்த முகாம்கள் எத்தனையோ. 'அவன் தாங்கமாட்டான்' என்று முடிவுகட்டுகிற நாம் பெரும்பாலும் நம்மைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் குரலைப் போனில் கேட்க நம்மால்தான் முடியாது.

லட்சுமிதாஸின் கதையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தம்பி தென்னாப்பிரிக்காவில் நன்றாகச் சம்பாதித்தார், மிச்சத்தை அண்ணனுக்கு அனுப்பிவந்தார். பிறகு ஒரு நாள், இனிமேல் சேமிப்பு எல்லாம் பொதுக் காரியத்துக்குத்தான், வீட்டுக்கு வராது என்று எழுதிவிட்டார். அண்ணனுக்கு ஆத்திரம். கடன் பட்டுப் படிக்கவைத்தது இதற்குத்தானா என்ற கோபம். கடிதப் போக்குவரத்தே நின்றுவிட்டது. பல வருஷம் கழித்து, கடைசிக் காலத்தில், தம்பி செய்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டு ஒரு உருக்கமான கடிதம் எழுதினார். பெரியவர் சின்னவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று அதில் இருந்தது. தானே தென்னாப்பிரிக்காவுக்கு வர ஆசை என்று தந்தியும் கொடுத்தார். வாருங்கள் என்று பதில் போனது. கிளம்புவதற்குள், 1914ல், அவர் இறந்துவிட்டார். இன்னொரு அண்ணன் கர்சன்தாஸ் அதற்கு முந்தின ஆண்டே போய்விட்டார்.

1915 ஜனவரி 9ம் தேதி காந்தி பம்பாய் அப்போலோ பந்தரில் இறங்கியதைத்தான் நம் அரசாங்கம் 2003 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் தினமாகக் கொண்டாடுகிறது. கத்தியவாடித் தலைப்பாகையோடு இறங்கியவருக்கு ஊரே திரண்டு வரவேற்பு கொடுத்தது. ஜஹாங்கீர் பெட்டிட்டின் மாளிகையில் விருந்து. குஜராத்திகள் நடத்திய கூட்டத்தில் ஜின்னா ஆங்கிலத்தில் வரவேற்க, இவர் குஜராத்தியில் பதில் சொன்னார். இதெல்லாம் முடிந்ததும் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ராஜ்கோட்டுக்கும் போர்பந்தருக்கும் ரயில் ஏறினார். வழியில் வத்வான் ஸ்டேஷனில் மோதிலால் என்ற தையல்காரர் பிடித்துக்கொண்டு வீரம்காம் சுங்கச் சாவடித் தொல்லையைப் பற்றிப் பேசினார். வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே ஊர் வேலை வண்டியில் ஏறிக்கொண்டது. அவர் போனது அண்ணன் மனைவியைப் பார்க்க. லட்சுமிதாஸ் இறந்துபோனதை அவருக்கு யாரும் கப்பல்துறையில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு ஆப்பிரிக்காவிலேயே தெரிந்திருந்தது.